கரியும் இரும்பும் எரிவாயுவும்: வாசகர் கேள்விகள்

தேங்காய்த் தொட்டிக் கரியைக் கொண்டு தாதிலிருந்து இரும்பு எடுக்க முடியுமா? நிலக்கரிதான் வேண்டுமா?

தாராளமாக முடியும். கர்நாடகத்தின் பத்ராவதி இரும்பு ஆலை 1923-இல் மரக்கரி ஊதுலையோடுதான் (காற்றை ஊதித் தாதை உருக்கும் உயர்ந்த உலை) தொடங்கியது. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் இன்றும் யூகலிப்டஸ் கரியில் ஊதுலைகள் ஓடுகின்றன. ஆனால் அவை சிறியவை. நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கோக் தாங்கும் பாரத்தை மரக்கரி தாங்காது. உயரமான உலையில் மேலே குவியும் தாதின் எடையில் நொறுங்கித் தூளாகி, காற்று மேலேறும் வழியை அடைத்துவிடும்.

உமிக்கரி?

வேண்டாம். உமியில் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. கரியாக்கும்போது மற்றதில் பெரும்பகுதி புகையாகப் போக, சாம்பல் அப்படியே தங்கிவிடும். ஆக, உமிக்கரியில் ஏறத்தாழ பாதி சாம்பல்தான். அந்தச் சிலிக்காவைக் கசடாக்க (உருகிப் பிரியும் கழிவாக்க) சுண்ணாம்புக்கல், கசடை உருக்க இன்னும் கரி என்று செலவு நீளும். உமியை ஆலைக் கொதிகலனுக்கே விட்டுவிடுங்கள்.

இரும்பும் எடுத்து, வெளிவரும் வாயுவில் ஜெனரேட்டரும் ஓட்டலாம் என்கிறது ஒரு திட்ட அறிக்கை. நம்பலாமா?

பாதி நம்பலாம். ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு தாதிலிருந்து ஒரு டன் இரும்பு எடுக்க, கரியிலுள்ள கார்பன் முழுவதும் தாதின் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக மாறினால் ஏட்டுக் கணக்குப்படி 161 கிலோ கார்பன் போதும். ஆனால் அப்போது வாயுவில் எரிவதற்கு எதுவும் மிஞ்சாது. முழுவதும் எரியக்கூடிய கார்பன் மோனாக்சைடாக வெளியேறினால் 322 கிலோ தேவை. சுமார் 750 கிலோ எரியும் வாயு கிடைக்கும். அதாவது, அந்த வாயு இலவசமல்ல, கூடுதலாகப் போட்ட 161 கிலோ கார்பனின் விலை அது. போதாக்குறைக்கு, இந்த வினை வெப்பத்தை விழுங்கும். உலையை ஆயிரம் டிகிரி அளவில் வைத்திருக்கத் தனியாகக் கரி எரிய வேண்டும். காற்றை ஊதி எரித்தால் வாயுவில் பாதிக்குக் குறையாமல் நைட்ரஜன் சேரும். அதன் எரிதிறன் இயற்கை எரிவாயுவில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரே கரியை இரும்புப் பத்தியிலும் மின்சாரப் பத்தியிலும் வரவு வைத்திருக்கிறார்களா என்று அறிக்கையில் தேடுங்கள். இத்தகைய அறிக்கைகள் வழுக்கும் இடம் அதுதான்.

ஒன்று மட்டும் உண்மையான லாபம்: விறகை நேரடியாக வாயுவாக்கினால் தார் எஞ்சின் வால்வில் ஒட்டும். கரியிலிருந்து வரும் வாயுவில் தார் மிகக் குறைவு.

நல்ல கரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்தரையில் போடுங்கள். நன்றாக வெந்த தொட்டிக் கரி 'கிண்' என்று ஒலிக்கும், உடைத்த முகம் பளபளக்கும். வேகாதது மந்தமாக விழும், பற்றவைத்தால் புகையும்.

சோதனை உலையைக் கொட்டகைக்குள் வைக்கலாமா?

கூடாது. கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு; அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மேலே கூரை போதும், சுவர் வேண்டாம்.

காங்கயத்தில் தொட்டிக் கரி விற்கிறேன். இரும்புக்கு மாறலாமா?

விற்றுக்கொண்டே இருங்கள். ஆக்டிவேட்டட் கார்பன் (வடிகட்டிகளுக்கான கரி) ஆலைகள் தரும் விலை இரும்பு உலைக்குக் கட்டுப்படியாகாது. சோதித்துப் பார்க்கும் ஆசை இருந்தால், ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரியை ஒரு மூட்டை வாங்கி, தூளைச் சலித்துவிட்டுப் போடுங்கள்.