அசுவத்தாமனுக்கு வக்காலத்தா?

அன்புள்ள ஐயா,

'அந்தா யுக்' நாடகத்தை அண்மையில் மேடையில் பார்த்தேன். தூங்குகிறவர்களை வெட்டிக் கொன்ற அசுவத்தாமனுக்கு அத்தனை வசனம் எதற்கு? பார்க்கப் பார்க்க அவன்மேல் இரக்கமே வந்துவிடுகிறது. கொடுமைக்கு வக்காலத்து வாங்குவதாகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரக்கம் வரத்தான் செய்கிறது, எனக்கும் வந்தது. ஆனால் வக்காலத்து என்று சொல்ல மாட்டேன்.

இந்தி எழுத்தாளர் தர்மவீர் பாரதி இந்த நாடகத்தை வெளியிட்டது 1954-ல். பிரிவினையின் ரத்தம் காயாத காலம். 1963-ல் நாடக இயக்குநர் இப்ராகிம் அல்காசி இதைத் தில்லி பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கு நடுவே போட்டார். நம் கூத்தில் துரியோதனன் விழுந்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்தால் கதை முடிந்தது. தர்மவீர் பாரதி தொடங்குவதே போரின் அந்தப் பதினெட்டாம் நாள் மாலையில்தான்.

தன் தந்தை துரோணரை வீழ்த்தத் தருமன் சொன்ன அரைப்பொய் தன்னை மிருகமாக்கிவிட்டது என்கிறான் அசுவத்தாமன். சரி, காரணம் இருக்கிறது. ஆனால் அவன் கையில் சிக்கிச் சாகிறவர் யார்? கௌரவர் வெல்வார்கள் என்று குறி சொன்ன ஒரு கிழ யாசகர். அவருக்கும் தருமனுக்கும் என்ன சம்பந்தம்? அவனுடைய நியாயம் அங்கேயே செல்லாக்காசாகிவிடுகிறது.

அந்த இரவுப் படுகொலையைச் சஞ்சயன் வாயிலாகக் காந்தாரி கேட்கிறாள். நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அடுத்தவள் பிள்ளைகள் செத்த கதையை ஆசை ஆசையாகக் கேட்கிறாள். அசுவத்தாமனைவிட இவள்தான் என்னைப் பதறவைத்தாள்.

அப்புறம், யுயுத்சுவைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே! திருதராட்டிரன் மகனாக இருந்தும், தருமம் அந்தப் பக்கம் என்று நம்பிப் பாண்டவரோடு நின்றவன். ஜெயித்து ஊர் திரும்பினால் காந்தாரி குத்திப் பேசுகிறாள், சனங்கள் வெறுத்து ஒதுக்குகிறார்கள். காலிழந்த ஊமைச் சிப்பாய் ஒருவன் தவழ்ந்து வந்து சைகையில் தண்ணீர் கேட்கிறான். யுயுத்சு கொடுக்கிறான். முகத்தைப் பார்த்ததும் சிப்பாய் மிரண்டு, தவழ்ந்தபடியே விலகி ஓடப் பார்க்கிறான். அந்தக் காலைப் பொசுக்கியது யுயுத்சுவின் அம்பு.

குற்ற உணர்ச்சி கடைசியில் காவு வாங்குவது இவனைத்தான், நியாயத்தின் பக்கம் நின்றவனை. ஈட்டியால் தன்னையே குத்திக்கொள்கிறான். கொடுமைக்கு வக்காலத்து வாங்க வந்த நாடகத்துக்கு இவன் எதற்கு? மறுபடி எங்கேனும் மேடையேறினால் யுயுத்சு வரும் காட்சிகளை விடாமல் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.