பாலியில் உள்ள பெனுலிசான் மலைக்கோயிலைக் கட்டியது ராஜேந்திர சோழனா?

இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் தொல்லியல் படித்தவன் இல்லை, ஆனால் அந்த மலை ஏறியவன். தமிழ்த் துரோகி என்று கமெண்ட் போட வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

கிந்தாமணியிலிருந்து சிங்கராஜா போகும் சாலையில், சுகாவனா கிராமத்தில் இருக்கிறது. 1,700 மீட்டருக்கு மேல் உயரம், 300-க்கும் அதிகமான படிகள். எங்கள் டிரைவர் "மேலே வெறும் பழைய கல்தான்" என்று வண்டியை விட்டு இறங்கவே இல்லை. சாரோங் கட்டிக்கொண்டு மூடுபனியில் ஏறினோம். கோபுரம், விமானம் எதுவும் கிடையாது. அடுக்கடுக்காக மேடைகள். உச்சியில் சுவரில்லாத கொட்டகைகளில் வரிசையாகச் சிலைகளும் லிங்கங்களும். சிலவற்றில் முகமே தேய்ந்துவிட்டது.

சாமி என்று கும்பிடத் தோன்றும் சிலைகளில் பலவும் ராஜா ராணிகளுக்கு எடுத்தவையாம். ஒரு ஜோடிச் சிலையில் சக ஆண்டு 933, அதாவது கி.பி. 1011 என்று பொறித்திருக்கிறது. பாலி மன்னன் உதயணனும் ராணி மகேந்திரதத்தாவும் அது என்பார்கள். கிழக்கு ஜாவாவை ஆண்ட ஐர்லங்காவின் பெற்றோர். இன்னொரு பெண் சிலையில் 'பட்டாரி மண்டுல்' என்ற பெயரும் சக 999-ம் இருக்கின்றன.

இப்போது கணக்குப் போடுங்கள். 1011-இல் தஞ்சையில் ராஜராஜன்தான் அரசன். ராஜேந்திரன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியது 1025 வாக்கில். அவன் மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. அதில் பாலி இல்லை.

தொடர்பே கிடையாது என்று நான் சொல்லவில்லை. லிங்க வழிபாடு இருக்கிறது. அந்தக் கால ஜாவா, பாலி எழுத்துக்கு மூலம் பல்லவர் எழுத்து. அந்தப் பெருமை போதாதா? அடுக்கு மேடை கட்டி முன்னோரை வழிபடுவது இந்து சமயம் வருவதற்கு முன்பே அந்தத் தீவுகளில் இருந்த வழக்கம். இன்றைக்கும் அவர்கள் பூஜை செய்யும் கோயில் அது. அவர்கள் பாட்டன் கட்டியதை நாம் ஏன் எழுதி வாங்க வேண்டும்?

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு. டூர் ஏற்பாடு செய்தவர் இந்தக் கோயிலுக்கு ஒதுக்கியது அரை மணி நேரம். கூண்டில் அடைத்த புனுகுப்பூனையின் எச்சத்திலிருந்து எடுக்கும் லுவாக் காபிக் கடைக்கு முழுசாக ஒன்றரை மணி நேரம். கேட்டால், "எல்லாரும் அதுக்குத்தான் சார் வர்றாங்க" என்றார்.