பழைய ஓட்டில் வரைந்த பூ ஏன் உரிகிறது?

இடித்த வீட்டு மங்களூர் ஓட்டில் அக்ரிலிக்கில் வரைந்த பூ, ஒரு மழைக்காலத்திலேயே செதில் செதிலாக உரிந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் பெயிண்ட் மேல் தப்பில்லை. சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சும். பல வருஷம் மழையில் நனைந்த ஓட்டுக்குள் ஈரமும் உப்பும் தங்கியிருக்கும். ஈரம் வெளியேறும்போது உப்பு வெள்ளையாகப் பூத்து, பெயிண்டைத் தள்ளிவிடும்.

முதலில் ஓட்டைச் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல ஓடு. பொத்தென்றால் எங்கோ விரிசல். பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம். அப்புறம் ஒரு வாரம் நல்ல வெயில். உப்பு பூத்தால் உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, பிறகு பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு.

நான் பிரைமரை முழு ஓட்டுக்கும் அடிக்க மாட்டேன், பூ வரும் இடத்துக்கு மட்டும்தான். அந்தச் செம்மண் நிறத்தை மறைக்க மனசு வராது. அதன்மேல் செம்பருத்தி எடுபடாது. நந்தியாவட்டை பளிச்சென்று நிற்கும். ஓட்டின் பள்ளக்கோட்டிலேயே காம்பை இறக்கினால் அழகு. கடைசியாக, பளபளக்காத மேட் வார்னிஷ். மழை படாத சுவரில் மாட்டுங்கள்.

பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 1860-களில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. உங்கள் ஓட்டில் அந்தத் தொழிற்சாலையின் முத்திரை இருந்தால், தயவுசெய்து அதன்மேல் வரையாதீர்கள்.