மூலிகை மருந்து என்று பொய் லேபிள் ஒட்டி விற்பவர்கள் மீது புகார் கொடுத்தால் அரசு உண்மையிலேயே நடவடிக்கை எடுக்குமா?

எடுக்கும். ஆனால் அந்த டப்பாவும் பில்லும் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதல் முறை என்னிடம் இரண்டும் இல்லை.

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டிலும் யாரோ பெரியவர் இதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். அப்படியானால் புகாரெல்லாம் அப்புறம். மருந்தைச் சட்டென்று நிறுத்திவிடாமல், டப்பாவோடு அவரை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சட்டென்று நிறுத்தியதுதான் நான் செய்த தப்பு.

என் அம்மாவுக்கு அப்போது 67 வயது. பல வருடமாக மூட்டுவலி. பக்கத்துத் தெரு அத்தை சொன்னார் என்று சந்தைப்பேட்டையில் ஒரு கடையில் கேப்சூல் வாங்கினார். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, பச்சை லேபிள், தாடி வைத்த சித்தர் படம். '100% மூலிகை. பக்கவிளைவு இல்லை. சகல வாதமும் 48 நாளில் வேரோடு தீரும்.' மூன்றாம் நாள் காலையில் பார்க்கிறேன், அம்மா தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் தரையில் உட்கார்ந்து பத்து வருடமாகியிருந்தது. இரண்டாவது டப்பாவை நானே போய் வாங்கி வந்தேன்.

நாலு மாதத்தில் முகம் உப்பி உருண்டையானது. வந்தவர்கள் எல்லோரும் 'உடம்பு தேறிட்டீங்க' என்றார்கள். கை லேசாக எதிலாவது பட்டாலே நீலமாகக் கன்றியது. சர்க்கரையே இல்லாதவருக்கு 300-க்கு மேல் காட்டியது. பயந்துபோய் கேப்சூலை நிறுத்தி, டப்பாவையும் குப்பையில் போட்டுவிட்டேன். நாலாம் நாள் விடியற்காலையில் ஓயாத வாந்தி. எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பணியில் இருந்த டாக்டரம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மூட்டுவலிக்கு வெளியில ஏதாவது வாங்கிச் சாப்பிட்டாங்களா?"

கேப்சூலில் கலந்திருப்பது ஸ்டீராய்டாகத்தான் இருக்கும் என்றார், வலியையும் வீக்கத்தையும் வேகமாக அடக்கும் ஆங்கில மருந்து. மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு உள்ளே போனால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் வேலையை விட்டுவிடுமாம். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். எங்களுக்கு அதற்கு மூன்று மாதமாயிற்று.

இதோடு சேராத விஷயம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மாவை 'தர்மாஸ்பத்திரி'யில் போட்டுவிட்டான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள் பாருங்கள், அது இன்னும் ஆறவில்லை. பேசியவர்களில் ஒருவரும் ஒரு ராத்திரி வந்து கூட இருக்கவில்லை. அம்மா உயிரோடு வீட்டுக்குத் திரும்பியது அந்த வார்டிலிருந்துதான்.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் தாத்தா வைத்தியர். லேகியம் கிண்டும்போது என்னென்ன சரக்கு, எத்தனை பலம் எடை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வார். எங்கள் வீட்டில் இன்றும் காய்ச்சல் என்றால் நிலவேம்புக் குடிநீர் உண்டு. நான் பேசுவது லேபிளில் ஒன்றை எழுதிவிட்டு உள்ளே வேறொன்றைப் போடுகிறவர்களைப் பற்றி.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1940-ஆம் வருட மருந்துச் சட்டத்தில் 'பேட்டன்ட் அல்லது புரொப்ரைட்டரி மருந்து' என்று ஒரு வகை உண்டு. சித்தம், ஆயுர்வேதம், யுனானி இவற்றில் அதற்கு அர்த்தம், சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள நூல்கள் சொல்லும் சரக்குகளை மட்டும் வைத்துக் கம்பெனி தானாகச் சேர்த்த மருந்து. ஸ்டீராய்டு அதற்குள் வரவே முடியாது. லேபிளில் பொய்யான வாக்குறுதி இருந்தாலே அது மிஸ்பிராண்டட், அதாவது பொய் லேபிள் மருந்து. 1954-ஆம் வருட மருந்து விளம்பரச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் அட்டவணையில் புற்றுநோய், சர்க்கரை, வாதம் என்று 54 நோய்கள் இருக்கின்றன. இவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யவே கூடாது. விளம்பரம் என்றால் டிவியும் பேப்பரும் மட்டுமில்லை. லேபிள், மேலுறை, பில், வாயால் சொல்லும் அறிவிப்பு, ஒளி, ஒலி, புகையால் காட்டுவது வரை எல்லாமே விளம்பரம்தான். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, மறுபடி செய்தால் ஒரு வருடம் வரை.

அமெரிக்காவில் பொய் லேபிளுக்கு எதிராக 1906-லேயே சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் 1911-ல் ஒரு புற்றுநோய் மருந்து வழக்கில், சரக்கைப் பற்றிப் பொய் சொன்னால்தான் குற்றம், குணமாகும் என்று பொய் சொன்னது அந்தச் சட்டத்தில் வராது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1912-ல் திருத்தினார்கள். அப்போதும் ஏமாற்றும் எண்ணம் இருந்ததை அரசு நிரூபிக்க வேண்டியிருந்தது. நம் 1954 சட்டத்தில் அந்த ஓட்டை இல்லை. இங்கே குறை சட்டத்தில் இல்லை, அதைக் கையில் எடுப்பதில்தான். 2024 ஏப்ரலில் பதஞ்சலி என்ற ஆயுர்வேத மருந்துக் கம்பெனியின் விளம்பர வழக்கில், இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று உத்தரகாண்ட் அதிகாரிகளை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கேட்டது. அதே மாதம் அந்தக் கம்பெனியின் 14 மருந்துகளின் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள்.

சரி, என் புகாருக்கு வருகிறேன். முதல் தடவை மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்கு வெறுங்கையோடு போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "பேட்ச் நம்பர் இல்லை, உரிம எண் இல்லை, பில் இல்லை. நான் யாரைப் போய்ப் பிடிக்கிறது சார்?" அவர் கேட்டது நியாயம். திரும்ப அதே கடைக்குப் போய் ஒரு டப்பா வாங்கினேன். பில் தர மாட்டேன் என்றார்கள், பிடிவாதமாக நின்று வாங்கினேன். மூடியைத் திறக்கவில்லை. லேபிளை நாலு பக்கமும் படம் எடுத்து, அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டையும் சேர்த்து, எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று வாரத்தில் மருந்து இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்து மாதிரி எடுத்தார். அதைப் பங்கு பிரித்து ஒவ்வொன்றுக்கும் அரக்கு முத்திரை வைத்ததை நான் எதிர் டீக்கடையில் நின்று பார்த்தேன். எட்டு மாதம் கழித்து, வழக்குப் போட்டிருக்கிறோம் என்று கடிதம் வந்தது. கடையிலிருந்தும் அந்த டப்பா போய்விட்டது.

போன தை மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை வாசலில் அம்மா சட்டென்று நின்று, "தம்பி, இதைப் பாரு" என்றார். டப்பாவில் பெயர் வேறு, ஊர் வேறு. சித்தர் படம் அதேதான். ஒன்று வாங்கி, பில் வாங்கி, படம் எடுத்து, அந்த வாரமே இரண்டாவது புகாரையும் கொடுத்துவிட்டேன்.