காஸ்போர்ட்டின் படகுப் பரம்பரை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, படகு கட்டிய கேம்பர் அண்ட் நிக்கல்சன்ஸ் குடும்ப நிறுவனம் என்கிறார்கள். பெயரிலோ இரண்டு குடும்பங்கள் இருக்கின்றனவே?

பதில்: தொடங்கியவர் மூன்றாமவர்! 1782-இல் பிரான்சிஸ் ஏமஸ் என்பவர், இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்துக்கு எதிர்க்கரையில் உள்ள காஸ்போர்ட்டில் படகு கட்டும் தளம் அமைத்தார். 1824-இல் அது வில்லியம் கேம்பரிடம் வந்தது. அவரிடம் தொழில் பழக 1842-இல் சேர்ந்த பையன்தான் பென் நிக்கல்சன். 1860-இல் பென் வடிவமைத்த ‘அலைன்’ என்ற பாய்மரப் படகு பந்தயங்களில் பேர் வாங்கியது. 1863-இல் நிறுவனத்தின் பெயரிலும் நிக்கல்சன் சேர்ந்தது. பரம்பரை அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: தேயிலை லிப்டனுக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு?

பதில்: இலங்கை மலையகத்தில் தோட்டங்கள் வாங்கிய அதே தாமஸ் லிப்டன்தான். பாய்மரப் படகுப் பந்தயமான ‘அமெரிக்கா கோப்பை’க்காக ஐந்து முறை மோதி ஐந்து முறையும் தோற்றவர். கடைசி இரண்டு படகுகளான நான்காம், ஐந்தாம் ‘ஷாம்ராக்’குகளை வரைந்தவர் பென்னின் மகன் சார்லஸ். 1920-இல் முதல் இரண்டு பந்தயங்களை வென்றும் கோப்பை கைநழுவியது.

கேள்வி: சார்லஸ் வரைந்ததில் சிறந்தது எது?

பதில்: என்னைக் கேட்டால் 1934-இன் ‘எண்டெவர்’. விமானத் தொழிலதிபர் சாப்வித் அதே அமெரிக்கா கோப்பையில் மோதுவதற்காகக் கட்டிய எஃகுப் படகு. புறப்படும் நேரத்தில் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டார்கள். சாப்வித் அவர்களை விலக்கிவிட்டு, பொழுதுபோக்குக்காகப் படகோட்டுபவர்களை ஏற்றிக்கொண்டார். அப்படியும் முதல் இரண்டு பந்தயங்கள் அவருக்கே. மூன்றாவதில் கடைசித் திருப்பம்வரை முன்னால் இருந்து, தவறான நகர்வால் கோட்டைவிட்டார். நான்காவதில் எதிராளிமீது புகார் செய்ய எண்ணியவர், அதற்கான கொடியை உடனே ஏற்றவில்லை. தாமதம் என்று நடுவர்கள் புகாரை விசாரிக்கவே மறுத்துவிட்டார்கள். முடிவு 4-2, கோப்பை அமெரிக்கர்களுக்கே. படகின்மேல் பழியில்லை, அமெரிக்கர்களின் ‘ரெயின்போ’வைவிட இதுதான் வேகமானது என்று அன்றே பலர் சொன்னார்கள்.

கேள்வி: இவர்கள் கட்டிய இன்னொரு படகு ‘வெல்ஷீடா’, இது என்ன பெயர்?

பதில்: உரிமையாளரின் மூன்று மகள்கள்: வெல்மா, ஷீலா, டாஃப்னி. எழுத்துகளை ஒட்டிவிட்டார், அவ்வளவுதான்!

கேள்வி: தனியாக உலகைச் சுற்றிய சிசெஸ்டரின் படகும் இவர்களுடையதா?

பதில்: ‘ஜிப்சி மாத் 4’ காஸ்போர்ட்டில் கட்டப்பட்டதுதான், வடிவமைப்பு வேறு ஆட்களுடையது. 1966-67-இல் சிட்னியில் மட்டும் நின்று சுற்றி வந்தார். படகு எளிதில் சாய்கிறது என்று வாய் ஓயாமல் குறை சொன்னவரும் அவரே.

கேள்வி: இப்போதும் கட்டுகிறார்களா?

பதில்: குடும்பத்தின் கையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. அந்தப் பெயர் இன்று உல்லாசப் படகுகளை விற்றும் வாடகைக்கு விட்டும் தரகு செய்யும் நிறுவனத்திடம் இருக்கிறது.