வால்வு தகடு சிவந்தால் ஆபத்தா?

கேள்வி: எனது ஹாம் ரேடியோ ஆம்ப்ளிஃபையரில் ஒரே ஒரு 3-500இசட் வால்வு (வெற்றிடக் குழாய்). தகட்டில் 2,700 வோல்ட், 400 மில்லி ஆம்பியர். ஆன்டெனாவுக்கு 650 வாட் போகிறது. தகடு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறது. வால்வு போய்விடுமா?

பதில்: போகாது. உள்ளே போவது 1,080 வாட், வெளியே வருவது 650. திறன் 60 சதவீதம், ஏபி வகுப்பு என்ற முறையில் இயங்கும் ஆம்ப்ளிஃபையருக்கு இது இயல்புதான். மிச்சம் 430 வாட் தகட்டில் வெப்பமாகிறது. 3-500இசட்டின் தகடு 500 வாட் வரை தாங்கும், சிவந்து எரியவே செய்யப்பட்டது. (811ஏ வால்வின் தகடு சிவந்தால் உடனே நிறுத்துங்கள்!)

கவலைப்பட வேண்டியது டியூனிங் பிசகும்போதுதான். அதே மின்னோட்டத்தில் 400 வாட் மட்டுமே வந்தால், தகட்டில் 680 வாட் தங்கிவிடும். முழு மின்னோட்டத்தில் சில நொடிகளுக்கு மேல் டியூன் செய்யாதீர்கள். எஃப்டி8, ஆர்டிடிஒய் போன்ற எழுத்துச் செய்தி அனுப்பும் முறைகளில் பேச்சைப் போல இடைவெளி கிடையாது, பவரைப் பாதியாக்குங்கள்.

வால்வின் உள்ளே சூடேறும் இழைக்கு (ஃபிலமென்ட்) மட்டுமே 5 வோல்ட், சுமார் 14.6 ஆம்பியர்: 73 வாட். அதனால் பேசாதபோதும் விசிறி ஓட வேண்டும். காற்று சாக்கெட் வழியாக மேலேறாவிட்டால் இழைப் பின்களின் ஈயப்பற்று உருகும். வால்வின் மேல்மூடிச் சீல் (கண்ணாடியும் உலோகமும் சேரும் இடம்) 225 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது.