ஸ்பானிய மொழியில் ரூபா விலையைச் சரியாகச் சொல்வது எப்படி?
கொழும்பு புறக்கோட்டைக் கடையில் ஸ்பானியப் பயணிகளுக்கு விலை சொல்லவேண்டுமா? 1 முதல் 15 வரை மனனம்தான், வேறு வழியில்லை. 16 தியெசிசெயிஸ், பத்தும் ஆறும். 31இலிருந்து நடுவில் 'இ' (மற்றும்) வரும்: த்ரெய்ந்தா இ ஊனோ.

பலரும் தடுக்குவது நூறுகளில். 100 தனியே சியென். 150 சியெந்தோ சிங்குவெந்தா. 500, 700, 900 ஆகியவற்றைத் தனியாகப் பழகுங்கள்: கினியெந்தோஸ், செத்தேசியெந்தோஸ், நோவேசியெந்தோஸ். 'ரூபியா' பெண்பாற் சொல் என்பதால் 200 ரூபா 'தோசியெந்தோஸ்' அல்ல, 'தோசியெந்தாஸ் ரூபியாஸ்' ஆகும். 200 முதல் 900 வரையான நூறுகள் எல்லாம் இப்படியே மாறும். விலை சொல்லும்போது முக்கியமானது இதுதான்.

ஆயிரம் வெறும் 'மில்'. முன்னால் 'ஊன்' (ஒரு) சேர்க்காதீர்கள். இலட்சத்துக்குத் தனிச்சொல் இல்லை: ஒன்றரை இலட்சம் என்பது சியெந்தோ சிங்குவெந்தா மில்.

செசெந்தா 60, செத்தெந்தா 70. காதில் குழம்பும், எழுதிக் காட்டுங்கள். ஸ்பெயின்காரர் 1.500 என எழுதினால் அது ஆயிரத்து ஐந்நூறு, ஒன்றரை அல்ல.